பென்னித் தபால்: பெருந் தாபனமொன்றிற் புகுந்த புதுமை

புதிய கருத்தொன்று தோன்றுதல் அரிது. தோன்றிய கருத்தை, நெடுங்காலம் பழகிய வழியிலே இயங்கி வரும் பெருந் தாபனமொன்றினுள் புகுத்தி நிலைபெறச் செய்தல் அதனினும் அரிது. கருத்தைக் கண்டவன் ஒருவனாக இருக்கலாம். அதனை நிறைவேற்ற வேண்டியவரோ பல்லாயிரவர். அவர்களுக்கு நாள்தோறும் முடிக்க வேண்டிய கடமைகள் உண்டு. காத்து வரவேண்டிய கணக்குகள் உண்டு. முன்னிருந்தோர் வகுத்த விதிகளும் உண்டு. இவற்றின் நடுவே புதுமை எவ்வாறு வேரூன்றுகின்றது, எங்கே வாடுகின்றது, எவரால் மீண்டும் தளிர்க்கின்றது என்பவற்றை அறிய விரும்புவோர், பிரித்தானியத் தபாற் பகுதியின் 19ஆம் நூற்றாண்டு வரலாற்றை ஒருமுறை நோக்குதல் தகும்.

கடிதத்தில் ஒரு முத்திரையை ஒட்டி, தெருவோரப் பெட்டியில் இட்டுவிட்டுச் செல்வது இன்று எவருக்கும் இயல்பான செயல். 1830ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் இருந்த நிலைமை வேறு. கடிதத்திற்குரிய கட்டணம், அது செல்லும் தூரத்தையும் அதில் அடங்கிய தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்ததாக இருந்தது. இலண்டனிலிருந்து எடின்பரோ நகருக்கு ஒரே தாளில் எழுதிய கடிதத்துக்கு 1 சிலிங் 1½ பென்சு அறவிடப்பட்டது. தாள் இரண்டாயிற் கட்டணமும் இரட்டித்தது. மடித்த கடிதத்தினுள் எத்தனை தாள் உண்டு என்பதை அறியும் பொருட்டு, தபாற் கந்தோர் எழுதுவினைஞர் ஒவ்வொன்றையும் மெழுகுதிரி வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தனர். கட்டணத்தைச் செலுத்துபவரோ பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே. ஆதலால், தபாற்காரன் வாயில்தோறும் காத்து நின்று, பணம் கேட்டுப் பெற்று, சில்லறை கொடுத்து, கணக்கும் வைக்க வேண்டியவனானான். பாராளுமன்ற உறுப்பினரின் கடிதங்கள் அவர்தம் கையொப்பத்தின் பேரில் இலவசமாகச் சென்றன. கூலி வேலை செய்து வாழ்ந்த ஏழைக்கோ, தொலைவிலுள்ள மகனிடமிருந்து வரும் ஒரு கடிதம் ஏறக்குறைய ஒரு நாட் சம்பளத்தை விழுங்குவதாக இருந்தது.

ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜ் கண்டதாக ஒரு நிகழ்ச்சி கூறப்படுவதுண்டு. ஏரிகள் நிறைந்த வட இங்கிலாந்துப் பகுதியில் அவர் நடந்து சென்றபோது, ஒரு குடிசை வாயிலில் தபாற்காரன் ஒரு கடிதத்தை நீட்டி ஒரு சிலிங் கேட்டான். அப்பெண் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்னர், தன்னிடம் பணமில்லை என்று கூறி மறுத்துவிட்டாள். மனமிரங்கிய கவிஞர், அவள் தடுக்கத் தடுக்கத் தாமே பணத்தைக் கொடுத்துக் கடிதத்தை வாங்கிக் கொடுத்தார். தபாற்காரன் சென்றபின் அதனைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. வெளியூரிலிருந்த அவள் உடன்பிறந்தான் தான் நலமாயிருக்கும் வரை இவ்வாறு வெறுந் தாளை அனுப்புவதென்றும், அவள் அதனை வாங்காது விடுவதென்றும் இருவரும் முன்னரே பேசி வைத்திருந்தனராம். செய்தி சேர்ந்துவிட்டது, தபாற் பகுதிக்குக் கிடைத்ததோ வீண் சுமை.

ஏழைகள் மட்டுமன்றி வணிகரும் இவ்வாறே தப்பு வழிகளைத் தேடினர். பொதி வண்டிகளிலும் பார்சல்களிலும் கடிதங்கள் மறைவாகச் சென்றன. இதன் விளைவு கணக்கிலே தெரிந்தது. 1815ஆம் ஆண்டில் தபாற் பகுதியின் நிகர வருமானம் சுமார் 15½ இலட்சம் பவுண். 1835ஆம் ஆண்டிலும் ஏறக்குறைய அதே தொகைதான். அந்த 20 ஆண்டுகளில் நாட்டின் சனத்தொகை பெருகியது, வாணிகம் வளர்ந்தது, ஆலைகள் எழுந்தன. தபால் வருமானம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. பகுதியினுள் இருந்தோர் இதனை ஒரு நோயாகக் கருதவில்லை. ஆண்டுதோறும் திறைசேரிக்குச் செல்ல வேண்டிய பணம் தவறாது சென்றுகொண்டிருந்ததே அதற்குக் காரணம்.

இந்நோயைக் கண்டறிந்தவர் தபாற் பகுதியைச் சேர்ந்தவரல்லர். 1795ஆம் ஆண்டு கிடர்மின்ஸ்டர் என்னும் ஊரிற் பிறந்த றோலண்ட் ஹில் ஒரு பள்ளி ஆசிரியர். தந்தையார் நடத்திய பாடசாலையில் இளமையிலேயே கற்பிக்கத் தொடங்கி, பின்னர் சகோதரர்களோடு சேர்ந்து பேர்மிங்ஹாம் நகரையடுத்த ஹேசல்வூட் பாடசாலையை நடத்தியவர். அங்கே உடற்றண்டனை ஒழிக்கப்பட்டது; மாணவரே சபை கூடி விதிகளை வகுத்தனர்; தவறு செய்தோரை மாணவரைக் கொண்ட நீதிமன்றமே விசாரித்தது. ஒரு நிறுவனம் எவ்வாறு இயங்குகின்றது, அதன் விதிகள் மனிதரை எவ்வாறு நடத்துகின்றன என்பவற்றை ஆராயும் பழக்கம் ஹில்லுக்கு அப்பாடசாலையிலேயே கைவந்தது எனலாம்.

கிறீனொக் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரும், தபாற் சீர்திருத்தத்துக்காக இடையறாது வாதாடியவருமான றொபேட் வொலஸ் என்பவர், அரசாங்க அறிக்கைகளைப் பெருந்தொகையாக ஹில்லுக்கு அனுப்பி உதவினார். அவ்வறிக்கைகளிலிருந்த எண்களை ஹில் ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தார். அவர் எழுப்பிய வினா எளியது: ஒரு கடிதத்தை இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஏற்றிச் செல்ல உண்மையில் எவ்வளவு செலவாகின்றது? வண்டிச் செலவையும் கடிதங்களின் தொகையையும் கணித்தபோது கிடைத்த விடை, ஒரு பென்னியின் 36இல் ஒரு பங்கு என்பதாகும். தூரத்தினால் வரும் செலவு அவ்வளவு அற்பமாயின், செலவு எங்கே ஏற்படுகின்றது? கடிதங்களைச் சேர்ப்பதிலும், தாள்களை எண்ணிக் கட்டணம் குறிப்பதிலும், வாயில்தோறும் பணம் பெறுவதிலும், அப்பணத்துக்குக் கணக்கு வைப்பதிலுமே ஏற்படுகின்றது. ஆகவே, தூரத்தைக் கருதாது நாடெங்கும் ஒரே கட்டணம் விதிக்க வேண்டும்; தாளை எண்ணாது நிறையைப் பார்க்க வேண்டும்; அனுப்புபவரே முற்பணமாகக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். இவை கைகூடினால் அரை அவுன்சு நிறையுள்ள கடிதத்தை ஒரு பென்னிக்கு நாட்டின் எம்மூலைக்கும் அனுப்பலாம். 1837ஆம் ஆண்டு வெளிவந்த அவரது சிறு நூலின் சாரம் இதுவே.

கட்டணக் குறைப்பு மட்டுமே ஹில்லின் திட்டம் என்று கருதுவது தவறு. நாளொன்றுக்குப் பலமுறை கடிதம் சேர்த்தலும் வழங்கலும் வேண்டும், தபால் விரைவாகச் செல்ல வேண்டும், சேவை நாட்டுப்புறங்களுக்கும் விரிய வேண்டும் என்பவையும் அத்திட்டத்தின் உறுப்புக்களே. கட்டணம் குறைந்து, வசதியும் பெருகினாலன்றிக் கடிதங்கள் ஐந்து மடங்காகப் பெருகா என்பது அவர் கணிப்பு. இவ்வுண்மை பின்னர் மறக்கப்பட்டது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. தபால் மா அதிபராயிருந்த லிச்பீல்ட் பிரபு, தாம் கேள்வியுற்ற கற்பனைத் திட்டங்கள் யாவற்றினும் மிக வரம்பு கடந்தது இதுவே எனப் பிரபுக்கள் சபையில் கூறினார். கடிதங்கள் அவ்வளவு பெருகினால் தபாற் கந்தோரின் சுவர்களே தாங்கா என்றும் அஞ்சினார். பகுதியின் செயலாளர் கேணல் மேபர்லி, இத்திட்டம் ஆதாரமற்ற ஊகங்களின் மேல் எழுப்பப்பட்டது என்றும், இழக்கும் வருமானத்தை மீட்க 40 அல்லது 50 ஆண்டுகள் செல்லும் என்றும் சாட்சியமளித்தார். மேபர்லியை அறிவிலி என்று தள்ளிவிடுதல் முறையன்று. வருமானத்தைக் காத்தல் அவர்மேல் சுமத்தப்பட்ட கடமை. அதற்குக் குறைவு நேர்ந்தாற் பதில் சொல்ல வேண்டியவர் அவரேயன்றி ஹில் அல்லர். பகுதிக்குப் புறத்தே நின்றவர் முழுமையைக் கண்டார். உள்ளே நின்றவர் இடர்களைக் கண்டார். இரு பார்வையும் ஒருங்கே இணைந்திருப்பின் நாட்டுக்கு எவ்வளவோ நன்மை விளைந்திருக்கும். அவை இணையவில்லை.

வெளியே மக்களின் ஆதரவு பெருகிற்று. இலண்டன் வணிகர் குழுவொன்று கூடிப் பிரசாரம் நடத்தியது. ஹென்றி கோல் என்னும் அரசாங்க ஊழியர் அதற்கென ஒரு பத்திரிகையைத் திறம்பட நடத்தினார். 1839ஆம் ஆண்டுப் பாராளுமன்றக் கூட்டத் தொடரில் மட்டும் இரண்டாயிரம் அளவான மனுக்கள் குவிந்தன. வொலஸ் தலைமையிலான தெரிவுக்குழு இரண்டு பென்சு கட்டணத்தையே விதந்துரைத்தது. எனினும், தீவிர சீர்திருத்தவாதிகளின் ஆதரவை வேண்டி நின்ற மெல்போண் பிரபுவின் அரசாங்கம், ஒரு பென்னிக் கட்டணத்தையே ஏற்றது. 1839 ஆகத்து மாதம் சட்டம் நிறைவேறியது. 1840 சனவரி 10ஆந் திகதி ஒரு பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது. பாராளுமன்ற உறுப்பினரின் இலவசத் தபால் உரிமை அன்றே ஒழிந்தது. அந்நாளில் இலண்டனில் மட்டும் சுமார் 112,000 கடிதங்கள் தபாலிற் சேர்க்கப்பட்டன.

முற்பணம் செலுத்தியதற்கு அடையாளமாக உலகின் முதலாவது ஒட்டு முத்திரை 1840 மே 6ஆந் திகதி தொடக்கம் செல்லுபடியாயிற்று. விக்டோரியா மகாராணியாரின் தலை பொறித்த அக்கருநிற முத்திரை, தாளொன்றுக்கு 240ஆக அச்சிடப்பட்டது. ஒரு பவுணுக்கு 240 பென்சு ஆதலால் முழுத் தாளின் விலை சரியாக ஒரு பவுண். பன்னிரண்டு முத்திரை கொண்ட ஒரு நிரையின் விலை ஒரு சிலிங். கணக்கைச் சுருக்க வேண்டும் என்ற கருத்து இங்கும் தொடர்ந்ததைக் காணலாம். முத்திரையோடு கூடவே, ஓவியர் முல்றெடி வரைந்த படம் தாங்கிய தபால் உறையும் வெளியிடப்பட்டது. ஹில் பெரிதும் நம்பியிருந்தது இவ்வுறையையே. மக்களோ அதன் ஆடம்பரப் படத்தைக் கண்டு நகைத்தனர். கேலிச் சித்திரங்கள் தெருவெங்கும் விற்பனையாயின. விரைவிலேயே உறை கைவிடப்பட்டது. மற்றொரு குறை முத்திரையிலேயே இருந்தது. கருமுத்திரையின் மேல் இட்ட செந்நிற அழிப்புக் குறியை நீக்கிவிட்டு அதனை மீண்டும் பயன்படுத்த இயலுமென்பது தெரியவந்தது. 1841ஆம் ஆண்டு முத்திரை செந்நிறமாகவும் அழிப்புக் குறி கருநிறமாகவும் மாற்றப்பட்டன. பிழையைக் கண்டவுடன் திருத்திக்கொள்ளும் இப்பண்பே முத்திரை முறையை நிலைபெறச் செய்தது.

முதலாண்டின் பயன் இருவகையாக வாசிக்கப்பட்டது. 1839ஆம் ஆண்டில் சுமார் 760 இலட்சமாயிருந்த கடிதங்கள் 1840இல் ஏறக்குறைய 1,690 இலட்சமாயின. இஃது இரு மடங்குக்கும் மேலான பெருக்கம். ஆனால் ஹில் எதிர்பார்த்த ஐந்து மடங்கன்று. நிகர வருமானமோ 16 இலட்சம் பவுணிலிருந்து 5 இலட்சமாக வீழ்ந்தது. மக்கள் பெற்ற பயனை நோக்கினோர் வெற்றி என்றனர். திறைசேரிக்கு வந்த பணத்தை நோக்கினோர் தோல்வி என்றனர். ஒரு தாபனம் எதன்பொருட்டு நிலவுகின்றது என்பதை முதலில் தெளிந்து கொள்ளாவிடின், ஒரே எண்ணிலிருந்து எதிரெதிரான இரு முடிவுகள் பிறப்பது இயல்பே.

இதனினும் பெரிய குறை ஒன்றிருந்தது. சட்டம் நிறைவேறியபின், திட்டத்தை மேற்பார்வை செய்ய ஹில் நியமிக்கப்பட்டார்; ஆனால் அவருக்களிக்கப்பட்ட இடம் திறைசேரியிலே. தபாற் பகுதியின் ஊழியர் எவருக்கும் கட்டளையிடும் அதிகாரம் அவருக்கில்லை. எதிர்த்துச் சாட்சியமளித்த மேபர்லியே பகுதியின் செயலாளராகத் தொடர்ந்தார். கருத்துடையவரிடம் அதிகாரமில்லை, அதிகாரமுடையவருக்குக் கருத்தில் நம்பிக்கையில்லை. ஹில் ஆலோசனை எழுதுவார், அது பகுதிக்குச் செல்லும், விளக்கம் கேட்டுத் திரும்பி வரும், மாதங்கள் கழியும். கட்டணம் குறைக்கப்பட்டதேயன்றி, திட்டத்தின் ஏனைய உறுப்புக்களாகிய கூடுதலான சேர்ப்பும் வழங்கலும் நாட்டுப்புற விரிவும் பெரும்பாலும் கிடப்பிலே கிடந்தன. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலையில் ஒரு திட்டத்தை நிறுத்திவிட்டு, அது முன்னேறவில்லை என்று தீர்ப்புக் கூறப்பட்டது. வேலைக்கு ஏற்றவனை ஆராய்ந்து தெளிந்து, அவனிடத்தே வேலையை ஒப்புவித்தலின் அருமையை உணர்ந்தே வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரத்தை வகுத்தார் போலும்.

1841ஆம் ஆண்டு ஆட்சி மாறியது. சேர் றொபேட் பீல் அரசாங்கத்தின் கீழ் 1842ஆம் ஆண்டு ஹில் பதவியினின்று நீக்கப்பட்டார். ஆயினும், அவர் திட்டத்தை எவராலும் நீக்க முடியவில்லை. பென்னிக் கடிதம் மக்களின் அன்றாட வாழ்விற் கலந்துவிட்டது. ஹில் இலண்டன்–பிறைட்டன் புகையிரதக் கம்பனியிற் சேர்ந்து, அதன் தலைவராகி, விரைவு வண்டிகளையும் விடுமுறைநாட் சுற்றுலா வண்டிகளையும் ஓடச் செய்தார். 1846ஆம் ஆண்டு நண்பர்கள் ஆட்சிக்கு மீண்டபோது அவர் தபாற் பகுதிக்குள்ளேயே பதவி பெற்றார்; 1854இல், மேபர்லி வேறு பதவிக்கு மாற்றப்பட, தனிச் செயலாளரானார். கருத்து உதித்து 17 ஆண்டுகளின் பின்னரே கருத்தும் அதிகாரமும் ஓரிடத்திற் கூடின. கடிதங்களின் தொகை 1850இல் சுமார் 3,470 இலட்சம். 1860இல் 5,640 இலட்சம். மொத்த வருமானம் 1851ஆம் ஆண்டளவில் பழைய நிலையை எட்டியது. நிகர வருமானம் மீள இன்னும் நெடுங்காலம் சென்றது. கடிதப் பொதிகளை ஏற்றிச் சென்ற புகையிரதக் கம்பனிகள் கேட்ட பெருங் கட்டணமும் இதற்கு ஒரு காரணம். வருமானத்தைப் பற்றி மேபர்லி அஞ்சியதில் ஓரளவு உண்மை இருந்தது. பயனைப் பற்றி ஹில் கண்டது முற்றிலும் உண்மையாயிற்று.

வெற்றி பெற்ற புதுமையாளர் பதவியில் அமர்ந்தபின் அவர்க்கும் ஒரு சோதனை வருகின்றது. தபாற் பகுதியில் 1834ஆம் ஆண்டு சாதாரண எழுதுவினைஞராகச் சேர்ந்து, நாவலாசிரியராகவும் புகழ்பெற்றவர் அந்தனி ட்றொலப். கால்வாய்த் தீவுகளின் தபால் ஒழுங்குகளை ஆராய அனுப்பப்பட்டபோது, பிரான்சிற் கண்டதை நினைவிற்கொண்டு, தெருவோரத்தில் இரும்புத் தபாற்பெட்டிகளை நாட்டலாம் என ஆலோசனை கூறினார். நாடு முழுவதையும் கேட்காது, ஒரு சிறு தீவிற் செய்து பார்க்கலாம் என்றே கேட்டார். 1852 நவம்பரில் யேர்சித் தீவில் முதற் பெட்டிகள் நாட்டப்பட்டன. அடுத்த ஆண்டே அவை இங்கிலாந்திலும் தோன்றின. ஹில்லின் முத்திரை கடிதத்தைக் கந்தோரிலிருந்து விடுவித்தது. ட்றொலப்பின் பெட்டி அவ்விடுதலையை ஒவ்வொரு தெரு முனைக்கும் கொண்டு சென்றது. இருப்பினும் இவ்விருவரும் ஒருவரையொருவர் விரும்பவில்லை. ஹில்லின் சாதனையை மதித்த ட்றொலப், மனிதரின் இயல்பை அவரைப்போல் அறியாதாரைக் காண்டல் அரிது என்ற கருத்துப்படத் தம் சுயசரிதையில் எழுதினார். எண்களை வென்றவர் மனிதரை வெல்ல இயலாது இடர்ப்பட்டார். தம் சகோதரர் பிரடெரிக்கைப் பகுதியின் உயர் பதவியில் அமர்த்தியதும் ஊழியரிடையே மனக்கசப்பை வளர்த்தது. 1864ஆம் ஆண்டு, நோயினாலும் தபால் மா அதிபரோடு நேர்ந்த பிணக்கினாலும் ஹில் ஓய்வு பெற்றார். 1879ஆம் ஆண்டு இறந்த அவர் உடல் வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

ஆயினும், ஹில் திறந்த வாயில் அவருக்குப் பின்னும் மூடப்படவில்லை. ஹடேர்ஸ்பீல்ட் நகர வங்கி உத்தியோகத்தரான சாள்ஸ் சைக்ஸ் என்பவர், ஏழைகளின் சிறு தொகைகளைத் தபாற் கந்தோர்கள் வாயிலாகச் சேமிக்கலாம் என்று கூறினார். நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அதனை வரவேற்றார். பகுதியின் உத்தியோகத்தரான ஸ்கூடமோர் முதலியோர் கணக்கு முறைகளை வகுத்தனர். 1861ஆம் ஆண்டு தபாற் சேமிப்பு வங்கி பிறந்தது. வெளியாரின் கருத்து, அமைச்சரின் ஆதரவு, உள்ளாரின் உழைப்பு ஆகிய மூன்றும் இம்முறை பிணக்கின்றி இணைந்தமையால், காலம் வீணாகவில்லை. ஆனால் அதே ஸ்கூடமோர், 1870இல் தந்திச் சேவையை அரசு ஏற்றபோது அதனை விரைந்து விரிக்கும் ஆர்வத்தினால், சேமிப்பு வங்கியின் பணத்தையும் பாராளுமன்ற அனுமதியின்றிச் செலவிட்டார். 1873இல் அது வெளிப்பட்டது. 1875இல் அவர் பதவியை விட்டு விலகினார். தடுப்போரே இல்லாத இடத்தில் புதுமை வரம்பைக் கடந்துவிடும் என்பதற்கு இது சான்று. மேபர்லியைப் போலக் கணக்குக் கேட்கும் ஒருவரும் தாபனத்துக்கு வேண்டியவரே.

பென்னித் தபாலின் அலை விரைவிலே பிற நாடுகளையும் எட்டியது. 1843இல் பிரேசிலும், 1847இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளும், 1849இல் பிரான்சும் முத்திரை வெளியிட்டன. 1854ஆம் ஆண்டு இந்தியாவில் தூரம் கருதாத அரை அணாக் கட்டணம் வந்தது. இலங்கையின் முதலாவது முத்திரை 1857 ஏப்பிரில் 1ஆந் திகதி வெளிவந்த ஆறு பென்சு முத்திரை. இங்கிலாந்தின் கருமுத்திரையை அச்சிட்ட பேர்க்கின்ஸ் பேக்கன் கம்பனியே இதனையும் அச்சிட்டது. 1885ஆம் ஆண்டு தபாற் சேமிப்பு வங்கியும் இலங்கைக்கு வந்து, 1972இல் தேசிய சேமிப்பு வங்கியோடு ஒன்றாகும் வரை, பல தலைமுறைச் சிறுவருக்குச் சேமிக்கும் பழக்கத்தைக் கற்பித்தது.

இன்று மின்னஞ்சல் கடிதத்தின் இடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டது. தூரத்தைக் கருதாது செய்தி செல்லலாம் என்ற ஹில்லின் கருத்து அதிலும் உயிர்வாழ்கின்றது. பாடசாலையாயினும், கூட்டுறவுச் சங்கமாயினும், அரசாங்கப் பகுதியாயினும், அதனை நடத்துவோர் இவ்வரலாற்றிலிருந்து தமக்குரிய வினாக்களை எடுத்துக்கொள்ளலாம். இத்தாபனம் எவர்பொருட்டு நிலவுகின்றது? புதிய கருத்தை ஏற்றுக்கொண்டபின், அதனை நிறைவேற்றும் அதிகாரமும் காலமும் உரியவரிடம் கொடுக்கப்பட்டனவா? பயனை அளப்பதற்கு முன், திட்டம் முழுமையாகச் செய்யப்பட்டதா? நேற்றுப் புதுமை செய்து இன்று தலைமை வகிப்பவர், கீழே இருக்கும் எழுதுவினைஞர் ஒருவர் கொண்டுவரும் ஆலோசனையைச் செவிமடுக்கின்றாரா? முதல் மூன்று வினாக்களும் ஹில்லுக்கு அநீதி செய்தோரை நோக்கியவை. நான்காவது ஹில்லையே நோக்கியது. அதற்கு விடை கூறுதலே எல்லாவற்றினும் கடினம்.